செவலைக்கு என்ன விலை சொல்வது?

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம், டென்டன் கவுண்டியில் வசிக்கும் தமிழ்க் குடும்பத் தலைவர் ஒருவர் நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய மகள் 12 வயதில் பேரல் ரேஸிங் பழக ஆரம்பித்தாள். முக்கோணமாக வைத்த மூன்று பீப்பாய்களைச் சுற்றி, நொடிக் கணக்கில் குதிரை ஓட்டும் பந்தயம் இது. அவளுக்காக 7 வயதுக் குவார்ட்டர் இனக் குதிரை ஒன்றை 22,000 டாலருக்கு வாங்கினார்கள். செவலை நிறம், காயடித்த ஆண். இன்று குதிரைக்கு 13 வயது, மகளுக்கு 18. ஆகஸ்டில் அவள் வேறு மாநிலத்துக் கல்லூரிக்குப் போகிறாள், குதிரையை விற்க வேண்டும். வாங்கிய விலையோடு லாய வாடகை, தீவனம், லாடம், மருத்துவம், பயிற்சி, நுழைவுக் கட்டணம் எல்லாம் கூட்டினால் இதுவரை 1,10,000 டாலர் ஆகியிருக்கிறது. "முக்கால்வாசியாவது திரும்பி வர வேண்டாமா?" என்று கேட்கும் தந்தை, 85,000 டாலர் விலை சொல்ல நினைக்கிறார். அதே வயதுக் குதிரை ஒன்று இணையத்தில் அந்த விலைக்கு விளம்பரம் ஆகியிருப்பதைப் பார்த்திருக்கிறார்.

பயிற்சியாளரோ "40,000 வந்தால் கொடுத்துவிடுங்கள்" என்கிறார். ஒரு குடும்பம் 30,000 தருவதாகச் சொல்கிறது. ஆனால் பத்து மாதத் தவணை, குதிரையை இப்போதே ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இன்னொருவர், இரண்டு வாரம் தன் லாயத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறார்.

குதிரைக்குப் பின்னங்காலின் நடுவில் மடங்கும் ஹாக் மூட்டுகளில், தேய்மான வலிக்காக எட்டு மாதத்துக்கு ஒருமுறை ஊசி போடுகிறார்கள். கடைசி ஊசி போட்டு நான்கு மாதம் ஆகிறது. ஓடி முடித்த பிறகு இரண்டு முறை மூக்கில் ரத்தம் வந்திருக்கிறது. அதிலிருந்து ஓட்டத்துக்கு முன், கசிவைக் குறைக்க ஃபுரோசமைடு என்ற மருந்து கொடுக்கிறார்கள். "இதையெல்லாம் வாங்குபவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா? உள்ளது உள்ளபடி விற்பனை என்று எழுதி வாங்கிக்கொண்டால் போதாதா?" என்று கேட்கிறார். கூடவே மகளின் வேண்டுகோள் ஒன்று: வாங்குபவர் பின்னாளில் விற்றால் முதலில் எங்களிடம்தான் கேட்க வேண்டும் என்று எழுதிக்கொள்ள முடியுமா?

அன்புள்ள நண்பருக்கு,

எண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் செவலை இன்றைய நிலையில் 34,000 முதல் 37,000 டாலர் வரை பெறும். விளம்பரத்தில் 38,500 போடுங்கள். 34,000-க்குக் கீழே இறங்காதீர்கள். குதிரையை நேரில் பார்க்காமல், நீங்கள் அனுப்பிய ஓட்டப் பட்டியலையும் மருத்துவச் சீட்டுகளையும் வைத்துச் சொல்வது இது. எக்ஸ்ரே வேறு மாதிரி வந்தால் எண்ணும் மாறும். எப்படி இந்த எண்ணுக்கு வந்தேன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாங்க வருபவர் ஒவ்வொன்றாகக் கேட்கும்போது அதுதான் கைகொடுக்கும்.

செலவு வேறு, விலை வேறு

1,10,000 டாலரில் பெரும்பகுதி ஆறு வருடம் உங்கள் மகள் குதிரை ஓட்டியதற்கான செலவு. அவள் வேறு குதிரை வைத்திருந்தாலும் அதே தீவனம், அதே லாய வாடகைதான். வாங்குபவர் அதற்கு ஒரு டாலரும் தரமாட்டார், தர வேண்டிய நியாயமும் இல்லை. அவர் பார்ப்பது மூன்றைத்தான்: இந்தக் குதிரை இன்னும் எத்தனை வருடம் ஓடும், எவ்வளவு வேகத்தில் ஓடும், தன் பிள்ளை ஏறினால் ஓடுமா.

85,000 போட்டுவிட்டுப் பேரத்தில் இறங்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். 35,000 டாலர் கையில் வைத்துத் தேடுபவர் 85,000 விளம்பரத்தைத் திறந்துகூடப் பார்க்கமாட்டார். 85,000 கையில் இருப்பவர் இதைவிட வேகமான, வயது குறைந்த குதிரையைத் தேடுவார். இருவருமே உங்களுக்கு இல்லை. அதற்குள் லாயத்துக்கு மாதம் 900 டாலர் போகிறது, ஆறு மாதம் காத்திருந்தால் 5,400. மகள் கல்லூரிக்குப் போனபின் ஓடாமல் நிற்கும் குதிரையின் தசை தளரும், வயிறு தொங்கும். "போன வாரம் ஓடியது" என்று சொல்லி விற்கும் குதிரைக்கும் "ஆகஸ்ட் வரை ஓடியது" என்று சொல்லி விற்கும் குதிரைக்கும் விலை ஒன்றாக இருக்காது.

15.1 நொடியை முன்னால் வைக்காதீர்கள்

கடிதத்தில் நான்கு இடங்களில் மகளின் சிறந்த நேரம் 15.1 என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணால் விலை ஏறாது. முழு அளவுக் களத்தில் முதல் பீப்பாய்க்கும் இரண்டாவதுக்கும் நடுவே 90 அடி, அந்த இரண்டிலிருந்தும் மூன்றாவதுக்கு 105 அடி, நேரம் தொடங்கும் கோட்டிலிருந்து முதல் இரண்டு பீப்பாய்களுக்கும் 60 அடி. ஆனால் எல்லாக் களத்திலும் அந்த இடம் இருப்பதில்லை. சிறிய உள்ளரங்கில் பீப்பாய்களை நெருக்கி வைப்பார்கள், அங்கே 14 நொடிகூட நடுத்தரமான ஓட்டமாக இருக்கலாம். மண்ணின் ஈரம் மாறினாலே அன்றைய எல்லோருடைய நேரமும் மாறும். ஒரு களத்து நேரத்தை இன்னொரு களத்து நேரத்தோடு ஒப்பிட வழியே இல்லை.

ஒப்பிட முடிந்தது ஒன்றுதான்: அன்று, அதே மண்ணில், முதலில் வந்த குதிரையைவிட உங்கள் குதிரை எவ்வளவு பின்தங்கியது. போட்டியில் ஓடியவர்களை 1D, 2D, 3D என்று பிரிவுகளாகப் பிரிப்பதும் அந்த அடிப்படையில்தான். மிக வேகமான நேரம் 1D-யின் தொடக்கம். அதிலிருந்து அரை நொடி தள்ளி 2D, ஒரு நொடி தள்ளி 3D. அதற்குக் கீழே உள்ள பிரிவுகளின் இடைவெளி அமைப்புக்கு அமைப்பு மாறும். உங்கள் கணினியில் ஒரு பட்டியல் போடுங்கள். கடந்த 24 மாதத்தின் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் உங்கள் நேரத்திலிருந்து அன்றைய மிக வேகமான நேரத்தைக் கழித்து எழுதுங்கள். பீப்பாய் விழுந்த ஓட்டங்களைத் தனியே வையுங்கள். மிச்சத்தைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள். சராசரி வேண்டாம். ஒரே ஒரு மோசமான ஓட்டம் சராசரியை இழுத்துவிடும்.

நீங்கள் அனுப்பிய 46 ஓட்டங்களை அப்படிப் போட்டுப் பார்த்தேன். 1D-யில் 3, 2D-யில் 24, 3D-யில் 12, அதற்கும் கீழே 2, பீப்பாய் விழுந்தது 5. விழாத 41 ஓட்டங்களின் நடு எண் 0.8 நொடி. ஆக, இது நம்பகமான 2D குதிரை. "1D குதிரை" என்று விளம்பரத்தில் போட வேண்டாம். வாங்குபவர்கள் பந்தய முடிவுகளைக் குதிரையின் பெயரைப் போட்டுத் தேடுவார்கள், 3 முறை மட்டும் அங்கே நின்றது ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒன்பது ஓட்டத்துக்கு ஒருமுறை பீப்பாய் விழுகிறது என்பதும் தெரியும். பெண்கள் தொழில்முறை ரோடியோ சங்கத்தின் விதிப்படி ஒரு பீப்பாய்க்கு 5 நொடி தண்டம். ஐந்தில் நான்கு முதல் பீப்பாயில்தான் விழுந்திருக்கிறது என்று நீங்களே குறித்திருக்கிறீர்கள். அது குதிரையின் குறையா, மகள் சற்று முன்னதாகத் திருப்புவதா என்று பயிற்சியாளரிடம் கேட்டு வையுங்கள். வாங்குபவர் கட்டாயம் கேட்பார்.

இன்னொன்றையும் பிரித்துக் காட்டுங்கள். 40 பேர் ஓடும் உள்ளூர்ப் போட்டியில் 0.6 நொடி பின்தங்குவதும், பல நூறு பேர் கலந்துகொள்ளும் பெரிய போட்டியில் 0.6 பின்தங்குவதும் சமம் கிடையாது. பெரிய இடத்தில் முதலில் வருபவர் உண்மையிலேயே வேகமானவர். உங்கள் பட்டியலில் அப்படி ஏழு ஓட்டங்கள் இருக்கின்றன, அவற்றைத் தனியாக மேலே போடுங்கள்.

விற்ற விலையைத் தேடுங்கள்

விளம்பரத்தில் உள்ளது கேட்கும் விலை. அந்த 85,000 டாலர் குதிரை எத்தனை மாதமாக விற்காமல் நிற்கிறது என்று பார்த்தீர்களா? ஏல முடிவுகளிலும் கவனம் வேண்டும். கடைசியாகக் கேட்கப்பட்ட தொகை போட்டிருக்கும், ஆனால் உரிமையாளர் எதிர்பார்த்த விலை வராமல் குதிரை வீட்டுக்கே திரும்பியிருக்கும். அதற்கென்று இருக்கும் குறிப்பைக் கவனித்து, அப்படிப்பட்டதை ஒதுக்கிவிடுங்கள். வயது 11 முதல் 15-க்குள், காயடித்த ஆண், சிறுவர் சிறுமியர் ஓட்டியது, கடந்த ஒரு வருடத்தில் விற்றது: இப்படி ஆறேழு கிடைத்தால் போதும்.

உங்கள் பயிற்சியாளர் சொன்ன நான்கு விற்பனைகளே நல்ல அடித்தளம். 15 வயது 3D குதிரை 28,000. ஊசி போடப்பட்டுவந்த, 2D-யின் கீழ்ப்பகுதியில் ஓடும் 14 வயதுக் குதிரை 35,000. ஊசியே தேவைப்படாத 12 வயது 2D குதிரை 42,000. 1D-க்கும் 2D-க்கும் நடுவில் ஓடும் 9 வயதுக் குதிரை 60,000. உங்களுடையது 35,000-க்கும் 42,000-க்கும் நடுவில் விழுகிறது. 42,000-லிருந்து இறங்கிப் பாருங்கள். உங்கள் ரசீதுப்படி ஒருமுறை ஊசிக்கு 650 டாலர். இன்னும் நான்கு வருடம் ஓடும் என்று வைத்தால் 48 மாதம், எட்டு மாதத்துக்கு ஒன்று என்று ஆறு ஊசி, 3,900 டாலர். மீதி 38,100. ஒரு வயது கூடுதல், மூக்கு ரத்தம் இரண்டுக்கும் இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும். 35,000-லிருந்து ஏறினால், ஒரு வயது இளையது, சற்று வேகமானது என்று ஏறும், மூக்கு ரத்தத்துக்கு இறங்கும். இரண்டு பக்கமிருந்தும் வந்து நிற்கும் இடம்தான் நான் சொன்ன 34,000 – 37,000. 40,000 என்று சொன்ன பயிற்சியாளர் உங்களை ஏமாற்றப் பார்க்கவில்லை. ஏறத்தாழ சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

வம்சாவளியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். தகப்பன் பேர்போன பொலிகுதிரைதான். ஆனால் காயடித்த 13 வயதுக் குதிரைக்கு அது விலையில் அதிகம் சேர்க்காது, அதன் வழியே குட்டி வரப்போவதில்லை. 1984 முதல் 1993 வரை பேரல் ரேஸிங்கில் தொடர்ந்து 10 உலகப் பட்டம் வென்ற ஸ்கேம்பர் என்ற குதிரையும் காயடித்ததுதான். அதன் ரத்தத்தை இனப்பெருக்கத்துக்குக் கொண்டுவர குளோனிங் செய்ய வேண்டியிருந்தது. இளங்குதிரைகளுக்கான ஃபியூச்சுரிட்டி போட்டிகளின் வயதையும் செவலை கடந்துவிட்டது. ஒரே விதிவிலக்கு: சில பொலிகுதிரைகளின் வாரிசுகளுக்குத் தனிப் பரிசுத் தொகை தரும் திட்டங்கள் இருக்கின்றன. செவலையின் தகப்பன் அப்படி ஒன்றில் பதிவாகி, செவலையும் அதற்குத் தகுதி பெற்றிருந்தால், அந்தச் சான்றோடு விளம்பரத்தில் ஒரு வரி போடுங்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி இதைவிட முக்கியமானது. பக்கத்து வீட்டு 10 வயதுச் சிறுமி வார இறுதியில் அதில் ஏறி, மூன்று பீப்பாயையும் மெல்லோட்டத்தில் சுற்றி வருகிறாள் என்கிறீர்கள். நண்பரே, உங்கள் குதிரையின் விலை அந்த வரியில் இருக்கிறது. பயிற்சியாளர் ஏறினால் மட்டும் ஓடும் குதிரைகள் சந்தையில் நிறைய. 12 வயதில் கற்கத் தொடங்கிய பெண்ணை 2D வரை கொண்டுபோய், இன்று 10 வயதுக் குழந்தையையும் பத்திரமாகச் சுமக்கும் குதிரையைப் பெற்றோர் தேடித் தேடி வாங்குகிறார்கள். அந்தச் சிறுமியின் பெற்றோர் சம்மதித்தால், முகம் தெரியாத தூரத்தில் இருந்து ஒரு காணொளி எடுங்கள்.

ஊசியும் மூக்கு ரத்தமும்

இரண்டையும் சொல்லியே ஆக வேண்டும். சட்டத்துக்கு முன் மருத்துவத்தைப் பார்ப்போம், ஏனென்றால் நீங்கள் பயப்படும் அளவுக்கு இவை பெரிய குறைகள் இல்லை.

வலப்பக்கப் பீப்பாயில் தொடங்கும் குதிரை ஒரு ஓட்டத்தில் வலப்பக்கம் ஒருமுறையும் இடப்பக்கம் இருமுறையும் திரும்புகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னங்கால்களை வயிற்றுக்கு அடியில் இழுத்து உட்கார்ந்து, உடலை அதன்மேல் சுழற்றி, அங்கிருந்து எகிறுகிறது. ஹாக் மூட்டின் கீழ்ப்பகுதியில் அதிகம் அசையாத சிறு மூட்டுகள் உண்டு. தேய்மானம் பெரும்பாலும் அங்கேதான் வரும். 13 வயதுப் பேரல் குதிரையில் அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். அனுபவமுள்ள வாங்குநர் "ஊசி போடுகிறீர்களா?" என்று கேட்கமாட்டார், "எத்தனை மாதத்துக்கு ஒருமுறை?" என்றுதான் கேட்பார். எட்டு மாத இடைவெளி கூடாமல் குறையாமல் நிற்கிறது என்று ரசீதோடு காட்டினால், அது உங்களுக்குச் சாதகமான சான்று. அந்த இடைவெளி எட்டு, ஆறு, நான்கு என்று சுருங்கிவந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

மூக்கு ரத்தம் வேறு விஷயம். முழு வேகத்தில் ஓடும்போது நுரையீரலின் நுண்ணிய நாளங்கள் அழுத்தம் தாங்காமல் கசிவதால் வருவது அது. பல குதிரைகளுக்குக் கசிவு உள்ளேயே நின்றுவிடும், ஓடிய ஒரு மணி நேர அளவில் எண்டோஸ்கோப் விட்டால் மூச்சுக்குழாயில் தெரியும். மூக்குவரை வந்தது என்றால் கசிவு கூடுதல் என்று பொருள். ஃபுரோசமைடு அதைக் குறைக்கும், முழுதாக நிறுத்தும் என்று சொல்ல முடியாது. இரண்டு முறையும் எந்தத் தேதி, அன்று வெப்பம் எப்படி, மருந்து ஆரம்பித்த பிறகு மீண்டும் வந்ததா என்று எழுதிவையுங்கள். அடுத்த ஓட்டத்துக்குப் பின் எண்டோஸ்கோப் எடுத்து அறிக்கை வாங்கிவிட்டால் பேச்சு அங்கேயே முடியும்.

விளம்பரம் போடும் முன் நீங்களே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்: இரண்டு ஹாக், இரண்டு முன்னங்குளம்பு, பின்னங்காலின் மேல் மூட்டான ஸ்டைஃபிள், குளம்புக்கு மேலுள்ள நான்கு ஃபெட்லாக் மூட்டு. வாங்குபவர் தன் மருத்துவரை வைத்து எப்படியும் எடுப்பார். கடைசி நாளில் புதிதாக ஒன்று தெரியவந்து, பேசி முடித்த விலை 8,000 டாலர் சரிவதைவிட, முன்கூட்டியே தெரிந்து அதற்கேற்ப விலை வைப்பது நல்லது. ஆனால் எடுத்துப் பார்த்து, கண்டதை மறைக்கக் கூடாது. அறிந்த பிறகு மறைப்பது அறியாமல் விற்பதைவிட மோசம். உங்கள் வழக்கமான மருத்துவரையே வாங்குபவருக்கும் பரிசோதிக்கச் சொல்லாதீர்கள். அவர் வேறு ஒருவரை வைத்துக்கொள்ளட்டும், உங்கள் மருத்துவர் பழைய பதிவேடுகளைக் கொடுத்தால் போதும். பரிசோதனை நாளுக்கு முன் ஃபினைல்பியூட்டாசோன் போன்ற வலிமருந்தோ மயக்கமருந்தோ கொடுக்கவே வேண்டாம். ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. சிலர் மாதிரியை எடுத்து உறையவைத்து, பின்னால் சந்தேகம் வந்தால் அனுப்புகிறார்கள். அடுத்த ஹாக் ஊசியையும் விற்பனையை ஒட்டிப் போடாதீர்கள். தேவைப்பட்டுப் போட்டால் தேதியைச் சொல்லிவிடுங்கள், காலை மடக்கிப் பார்க்கும் சோதனையின் முடிவை அது மாற்றிக் காட்டும்.

இனி சட்டம். "உள்ளது உள்ளபடி" என்ற வாசகத்தை டெக்சஸ் நீதிமன்றங்கள் பொதுவாக மதிக்கின்றன. ஆனால் தெரிந்த குறையை மறைத்தோ பொய் சொல்லியோ விற்றவரை அது காப்பாற்றாது. அத்துடன், விளம்பரத்தில் "நூறு சதவீதம் ஆரோக்கியம்", "எந்தப் பராமரிப்பும் தேவையில்லை" என்று எழுதினால் அதுவே நீங்கள் கொடுக்கும் உத்தரவாதம் ஆகிவிடும். அதற்குப் பதில் இப்படி எழுதுங்கள்: "ஹாக் ஊசி 8 மாதத்துக்கு ஒருமுறை, கடைசி ஊசியின் தேதி தரப்படும். இருமுறை மூக்கு ரத்தம், இப்போது ஃபுரோசமைடுடன் ஓடுகிறது. மருத்துவப் பதிவேடு முழுவதும் பார்க்கலாம்." இதே வரிகளை விற்பனைப் பத்திரத்திலும் போட்டு, வாங்குபவர் படித்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். பத்திரத்தைக் குதிரை வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

தவணையும் ஓட்டிப் பார்ப்பதும்

பத்துத் தவணையில் வரும் 30,000-ஐக் கையில் வரும் 30,000 என்று எண்ணாதீர்கள். மூன்றாவது மாதம் குதிரை நொண்டினால் நான்காவது தவணை வராது. குதிரை அவர்களிடம் இருக்கும், மருத்துவச் செலவு யாருடையது என்ற சண்டை உங்கள் வாசலில் இருக்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் மறுத்துவிடுவேன். அவர்களையே பிடித்துப்போய்விட்டது, கொடுத்தே தீருவேன் என்றால், குறைந்தது பாதித் தொகை முன்பணமாக வாங்குங்கள். முழுப் பணமும் வரும்வரை அமெரிக்கக் குவார்ட்டர் குதிரைச் சங்கத்தின் பதிவுச் சான்றும் பெயர்மாற்றப் படிவமும் உங்களிடமே இருக்கட்டும். பாக்கித் தொகைக்குக் குதிரையின் பேரில் உயிர்க் காப்பீடு அவர்கள் செலவில் எடுக்கப்பட்டு, இழப்பீடு உங்கள் பெயருக்கு வர வேண்டும். குதிரைமேல் உங்களுக்குள்ள பாக்கி உரிமையை மாநிலச் செயலர் அலுவலகத்தில் பதிவு செய்யவும் வழி இருக்கிறது, வழக்கறிஞர் செய்து தருவார்.

இரண்டு வாரம் அனுப்பிவைப்பதும் வேண்டாம். பழக்கமில்லாத லாயம், வேறு தீவனம், வேறு கடிவாளம், நாளுக்கு நான்கு பேர் ஏறிப் பார்ப்பது. குதிரை வயிற்றுவலியோடு திரும்பினால் பொறுப்பு யாருக்கு? உங்கள் இடத்திலேயே இரண்டு மூன்று நாள் வந்து ஓட்டட்டும். பிறகு உள்ளூர்ப் போட்டி ஒன்றில், நேரக் கணக்கில் சேராத பயிற்சி ஓட்டத்துக்குச் சிறு கட்டணம் கட்டி ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். கூட்டமும் ஒலிபெருக்கியும் இருக்கும் இடத்தில் குதிரை எப்படி நடந்துகொள்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். நுழைவழியில் சில நாள் யாராவது பிடித்து நடத்திவர வேண்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். முதல்முறையே குதிரை வாசலில் அடம்பிடித்து மிரளவைத்தால், ஓட்டிப் பார்க்க வந்த பிள்ளை மறுபடி ஏறாது.

ஏறுபவர்களிடம் பொறுப்புத் துறப்பில் கையெழுத்து வாங்குங்கள். குதிரையின் இயல்பால் வரும் காயங்களுக்கு உரிமையாளரைப் பொறுப்பாக்காத சட்டம் டெக்சஸில் உண்டு. ஆனால் பழுதான சேணம் என்று தெரிந்தே கொடுத்தாலோ, ஏறுபவரின் திறமையை நியாயமான அளவில்கூட விசாரிக்காமல் ஏற்றினாலோ அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஆகவே முதலில் நீங்களோ மகளோ ஏறிக் காட்டி, வந்தவரை நடையிலும் மெல்லோட்டத்திலும் பார்த்துவிட்டுத்தான் பீப்பாய்க்கு விடுங்கள்.

பணத்தில் ஒரு எச்சரிக்கை. சொன்ன விலையைவிடக் கூடுதலாக வங்கிக் காசோலை அனுப்பி, "மிச்சத்தை வண்டிக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்" என்பது பழைய மோசடி. வங்கியிலிருந்து வங்கிக்கு அனுப்பும் பணம் கணக்கில் சேர்ந்தது என்று உங்கள் வங்கியே சொன்ன பிறகுதான் குதிரை டிரெய்லரில் ஏற வேண்டும். பயிற்சியாளர் மூலம் விற்றால் அவருடைய கமிஷன் எத்தனை சதவீதம் என்று இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். வாங்குபவரிடமும் அவர் கமிஷன் வாங்குகிறாரா என்று நேராகக் கேளுங்கள். இதுவரை குதிரைச் செலவை வரிக் கணக்கில் தொழில் செலவாகக் காட்டியிருந்தால், விற்பனைக்கு முன் கணக்காளரைப் பார்த்துவிடுங்கள்.

விளம்பரம் போட்ட பிறகு

காணொளியை வெட்டி ஒட்டாதீர்கள். கட்டுத்தறியிலிருந்து பிடிப்பது, சேணம் கட்டுவது, டிரெய்லரில் ஏறுவது, நுழைவழி, முழு ஓட்டம், ஓடி முடித்து அமைதியாவது எல்லாம் வரட்டும். பீப்பாய் விழுந்த ஓட்டம் ஒன்றையும் சேருங்கள். கேட்பவரிடம் தனியாக அனுப்புவதைவிட நீங்களே காட்டுவது விலையைக் காப்பாற்றும்.

அடுத்த 30 நாளில் என்ன நடக்கிறது என்பதை வைத்து எங்கே கோளாறு என்று சொல்லிவிடலாம். தொலைபேசியே வரவில்லை என்றால் விலை அதிகம், 36,900-க்கு இறக்குங்கள். அழைப்பு வருகிறது, ஆள் வரவில்லை என்றால் காணொளியிலோ நீங்கள் பதில் சொல்லும் விதத்திலோ குறை. ஆள் வந்து ஓட்டிவிட்டு விலையே பேசாமல் போனால் குதிரையிடம் எதையோ கண்டிருக்கிறார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். பரிசோதனைக்குப் பின் விலகினால் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, உங்கள் மருத்துவரிடம் காட்டி விலையைத் திருத்துங்கள்.

மகளின் வேண்டுகோளுக்கு வருகிறேன். "பின்னாளில் விற்றால் முதலில் எங்களுக்குத் தெரிவித்து, வெளியாள் தரும் அதே விலைக்கு வாங்க 7 நாள் அவகாசம் தர வேண்டும்" என்று பத்திரத்தில் தாராளமாக எழுதலாம். வாங்குபவர் மீறினால் அவரிடம் நஷ்ட ஈடு கேட்க முடியும். ஆனால் விவரம் தெரியாமல் அவரிடமிருந்து வாங்கிய மூன்றாமவரிடமிருந்து குதிரையைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம் என்பதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அதைவிடப் பலன் தரும் ஒரு காரியம் அவள் கையிலேயே இருக்கிறது. எந்தக் கடிவாளம், ஓட்டத்துக்கு முன் எத்தனை நிமிடம் சூடேற்றுவது, ஃபுரோசமைடு எவ்வளவு நேரம் முன்பு, எந்தத் தீவனம் எவ்வளவு, முதல் பீப்பாயில் எங்கே கையைத் தளர்த்துவது என்று அவளே இரண்டு பக்கம் எழுதி, 12 மாதத்துக்குள் எடுத்த காகின்ஸ் பரிசோதனை (குதிரைகளின் தொற்று ரத்தசோகைக்கான ரத்தப் பரிசோதனை) முடிவோடும் பதிவுச் சான்றோடும் சேர்த்து வாங்குபவர் கையில் கொடுக்கட்டும். கல்லூரிக்குக் கிளம்பும் முன் இரண்டு நாள் அந்தப் புதுப் பிள்ளையோடு களத்தில் நிற்க முடிந்தால், அதையும் விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். அதற்காகவே உங்கள் குதிரையைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் இருப்பார்கள்.